சர்க்கரை அளவு மட்டும் போதாது

விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் எங்கள் தலைக்கு மேல்தான் விமானம் இறங்கும். அதன் மேலுள்ள எழுத்தைக் கண்ணாடியில்லாமல் படிப்பதாக அண்ணன் மார்தட்டுவார். பழைய சர்க்கரைக்காரர். அந்தத் தெம்பில்தான் ஆபத்து. சர்க்கரையால் வரும் விழித்திரை நோய் ஆரம்பத்தில் பார்வையைத் தொடுவதேயில்லை. 2005-இல் வெளியான சென்னை ஆய்வில், நகரத்துச் சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கு அது இருந்தது.

சர்க்கரையோடு கொழுப்பையும் பார்க்க வேண்டும். இரத்தத்தில் கொழுப்பு தனியாக ஓடாது, புரதங்கள்தான் சுமக்கும். அப்போ-பி என்ற புரதம் கொண்ட துகள்கள் கொழுப்பைத் திசுக்களில் இறக்கும், அப்போ-ஏ1 உள்ளவை மிச்சத்தைக் கல்லீரலுக்குத் திருப்பும். 2011-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஏ1 கூடுதலாக இருந்தவர்களிடம் விழித்திரை நோய் குறைவு. பி கூடுதலாக இருந்தவர்களிடம் அதிகம். வழக்கமான கொலஸ்ட்ரால் கணக்கைவிட இவை தெளிவாகக் காட்டின. அதற்காக லேபுக்கு ஓட வேண்டாம். எல்லோருக்கும் இந்தச் சோதனையை இன்னும் பரிந்துரைப்பதில்லை.

சிறுநீரகத்தை விடக்கூடாது. கண்ணில் கெடுவதும் அங்கே கெடுவதும் மயிரிழை போன்ற நுண்குழாய்களே. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுமுன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும். “கிரியாட்டினின் நார்மல்” என்று நிம்மதியடைவது அரைகுறை நிம்மதி.

டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையான ஃபெனோஃபைபிரேட், விழித்திரை நோய் முற்றுவதை ஏறத்தாழ 27 சதவீதம் குறைத்ததாக 2024-இல் ஸ்காட்லாந்து ஆய்வு சொன்னது. ஆனால் அது கிரியாட்டினினைச் சற்று ஏற்றும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கொடுப்பதில்லை. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு வாங்குகிற சமாசாரமல்ல.

வருடம் ஒருமுறை கண்ணில் சொட்டுமருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில மணிநேரம் கண் கூசும். ஸ்கூட்டர் ஓட்ட வேறொருவரைக் கூட்டிப் போங்கள்.