உறைமோரில் ஒளிந்த கொள்ளைநோய்

உலகெங்குமுள்ளோர் இணையத்தில் கூடி ஆடும் விளையாட்டொன்றில் 2005-ஆம் ஆண்டு ஒரு நோய் பரவி நகரங்களைச் சூறையாடியதென்றும், பின்னாளில் வந்த கொரோனாவை அது முன்கூட்டியே அறிவித்துவிட்டதென்றும் காணொளி ஒன்றில் கண்டதாகவும், இதில் எவ்வளவு மெய் என்றும் குறிஞ்சிப்பாடியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். முற்பாதி முழுவதும் மெய். பிற்பாதி, எதையும் தீர்க்கதரிசனமாக்கிக் காட்டினாலன்றிப் பார்ப்பாரில்லை என்று அஞ்சுவோர் கட்டிய கதை.

விளையாட்டின் பெயர் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்'. 2004 நவம்பரில் அதை வெளியிட்ட பிளிசார்டு நிறுவனம், மறு ஆண்டு செப்டம்பர் 13 அன்று புதிதாக ஒரு கோட்டத்தைத் திறந்து, அதன் உள்ளே ஹக்கார் என்னும் இரத்த வெறிகொண்ட தெய்வத்தைக் குடியமர்த்தியது. தன்னை எதிர்ப்போர் மீது ஹக்கார் 'கரப்டட் பிளட்' என்னும் சாபத்தை ஏவும்; சாபம் பட்டவர் உயிர்ப்புள்ளிகளைச் சிறுகச் சிறுக இழப்பார்; பக்கத்தில் நிற்பவரையும் அது பற்றும். எனினும் அதன் ஆயுள் சில வினாடிகளே. ஆடுவோர் கோட்டத்தை விட்டு வெளியேறுவதற்குள் அது தீர்ந்துபோகும், அல்லது அவரைத் தீர்த்துவிடும். ஆகவே வெளியுலகுக்கு அபாயமில்லை என்பது அமைத்தவர்களின் அனுமானம். வேடராக ஆடுவோர் தம்முடன் அழைத்துவரும் வளர்ப்பு விலங்குகளை அந்த அனுமானம் கணக்கில் கொள்ளவில்லை.

என்னைப் பரவசப்படுத்துவது இந்த இடந்தான். ஒரு வேடனுடைய கரடியின் மீது சாபம் விழுந்து, அது தீர இன்னும் நாலைந்து வினாடி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். கரடி மாண்டுபோகாமலிருக்க வேடன் ஒரு பொத்தானை அழுத்தி அதை மறையச் செய்கிறான். அக்கணமே கரடி உலகத்தில் இல்லை. சர்வரில் ஒரு பதிவாக, தன் வலிமையும் தன்மேல் கிடந்த சாபமும் இருந்தபடியே எழுதப்பட்டு நின்றுவிடுகிறது. உலகத்தின் கடிகாரம் ஓடுகிறது. கரடியின் கடிகாரம் ஸ்தம்பித்துப் போயிற்று. கோட்டத்தை விட்டு நீங்கி, ஜனநெருக்கடி மிகுந்த தலைநகரின் ஏலக்கடை வாசலில் நின்று வேடன் கரடியை மறுபடி அழைக்கும்போது, நின்ற வினாடி நின்ற இடத்திலிருந்தே நடக்கத் தொடங்குகிறது. சாபமும் கூடவே விழிக்கிறது.

மிச்சமான உறைமோரைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பும் இல்லத்தரசி, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் காய்ச்சி ஆறிய பாலில் விடுகிறாள். விடிவதற்குள் சட்டி முழுதும் தயிராகிறது. கரடி அந்த உறைமோர். தலைநகரத்து மக்கள் பால். புதிதாக ஆட வந்த பலவீனர்கள் கிண்ணத்துப் பால்போல் நொடியில் உறைந்து மாண்டார்கள். பலசாலிகள் பெரிய அண்டாப் பால்போல் மெதுவாக உறைந்தார்கள், அதற்குள் அவர்களிடமிருந்து எத்தனையோ கிண்ணங்களுக்கு உறை போய்விட்டது. கணினியே இயக்கும் கடைக்காரரும் காவலரும் கழுவாத தயிர்ச்சட்டிகள்: தமக்கு யாதொரு கேடும் இல்லை, தம்மிடம் வந்த பாலையெல்லாம் உறையச் செய்தார்கள். நோயின் குறியே காட்டாமல் நோயைச் சுமப்பவர் என்று மருத்துவ நூலார் சொல்வது இவர்களைத்தான்.

  

ஹக்காரின் சாபத்தால் நகரவீதிகள் எலும்புக்கூடுகளால் நிறைந்தன. தனித்திருக்கும்படி நிறுவனம் வேண்டிக்கொண்டதைப் பலர் பொருட்படுத்தவில்லை. கடைசியில் அக்டோபர் 8 அன்று வளர்ப்பு விலங்குகளைச் சாபம் பற்றாதவாறு நிரலைத் திருத்திய பிறகே தொல்லை தீர்ந்தது. 2007-இல் எரிக் லோஃப்கிரன், நினா ஃபெபர்மன் இருவரும் இதைப் பற்றி 'லான்செட்' குடும்பத்துத் தொற்றுநோய் இதழில் எழுதினார்கள். அவர்களுக்கு முன்பே அவ்வாண்டில் ரான் பாலிசர் வேறோர் ஆய்விதழில் எழுதியிருந்தார். இந்த ஆய்வாளர்களை ஈர்த்தது நோயன்று, மனிதர்களின் நடத்தை. மருத்துவ வித்தை கற்ற பாத்திரங்கள் தாமே முன்வந்து சிகிச்சை செய்தன. சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். வேறு சிலர் என்னதான் நடக்கிறதென்று பார்க்கவே நோயுள்ள நகரத்துக்குள் நுழைந்தார்கள். வேடிக்கை பார்க்க வரும் இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு அதுவரை இருந்த தொற்றுக் கணிதத்தில் இடமில்லை. ஆராய்ச்சியின் பயன் இதுதான். இதற்குத் தீர்க்கதரிசனம் என்று பெயர் சூட்டுவது தகாது. ஆட்டத்தில் மாண்டவர் சில நிமிஷங்களில் எழுந்துவிடுகிறார். மீள முடியாத மரணத்தின் முன் மனிதர் எப்படி நடப்பார் என்பதற்கு அது பிரமாணமாகாது.

குறிஞ்சிப்பாடி இருக்கும் கடலூர் மாவட்டத்து வாசகருக்கு அந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 2020 மே மாத முதல் வாரத்தில் கொரோனாப் பரவலால் சென்னையின் கோயம்பேடு சந்தை மூடப்பட்டதை ஒட்டி, அங்கே சுமை தூக்கியும் கடைகளில் வேலை பார்த்தும் பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். மாவட்டத்தின் தொற்று எண்ணிக்கை சில நாட்களில் நூற்றுக்கணக்கில் ஏறிற்று. அவர்கள் யாரும் வேடிக்கை பார்க்கப் போனவர்களல்லர், வேண்டுமென்று பரப்பியவர்களுமல்லர். பிழைப்புப் போன இடத்திலிருந்து, சோறு கிடைக்குமென்று தெரிந்த ஒரே இடத்துக்கு வந்தவர்கள். விளையாட்டிலும் நோய்க்கு அஞ்சி நகரத்தை விட்டு ஓடியவர்கள் உண்டு. ஆனால் பசி அவர்களை விரட்டவில்லை. திரும்பியவர்களைத் தேடிப்பிடித்துத் தனியே தங்கவைத்துச் சோதித்தமையால்தான் இங்கே அந்த எண்களாவது தெரியவந்தன. ஒவ்வொரு பாத்திரத்தின் உயிர்ப்புள்ளியும் வினாடிதோறும் எண்ணப்பட்ட அந்த மாய உலகத்திலோ, யார் யாரிடமிருந்து நோய் பெற்றார் என்ற துல்லியமான கணக்கை ஒருவரும் சேகரிக்கவில்லை; ஆடியவர்கள் சொன்ன சம்பவங்களைக் கொண்டே ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை எழுதவேண்டியதாயிற்று.