முடி நடவுக்குப் பின் தலையைப் பேணுதல்

முடி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி, "தலையில் என்ன தடவலாம்?" என்பதே. முதல் சில வாரங்களுக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் தடவ வேண்டாம் என்பதே எங்கள் விடை. அதன் காரணத்தை அறிந்துகொண்டால் கடைப்பிடிப்பது எளிதாகும்.

வழுக்கை உள்ளவர்களுக்கும் பின்தலை முடி பெரும்பாலும் உதிர்வதில்லை. அம்முடியை வேரோடு எடுத்து முன்தலையில் நட்டாலும் அது தன் இயல்பை இழப்பதில்லை என்பதை நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். இச்சிகிச்சையின் அடிப்படை அதுவே. நடப்பட்ட மயிர்க்காலுக்குத் தொடக்கத்தில் சொந்தமாக இரத்த ஓட்டம் இராது. சுற்றியுள்ள திசுவின் ஈரத்தை உறிஞ்சியே அது உயிர் வாழ்கிறது. சில நாட்களில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனோடு இணைகின்றன. ஏறத்தாழ பத்தாம் நாளில் அது உறுதியாக வேர்பிடித்துவிடுகிறது. அதற்கு முன் சொறிந்தாலும், தேய்த்தாலும், பக்கைப் பிய்த்தாலும் மயிர்க்காலும் சேர்ந்து வெளிவந்துவிடக்கூடும்.

முதல் சில இரவுகளில் இரண்டு மூன்று தலையணைகளை வைத்து, தலையை உயர்த்தி மல்லாந்து உறங்குங்கள். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை நெற்றியில் வீக்கம் தோன்றி, கண் இமை வரை இறங்கலாம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அது வடிந்துவிடும். பனிக்கட்டி ஒற்றடத்தை நெற்றியில் மட்டுமே வைக்க வேண்டும். முடி நட்ட இடத்தில் வைக்கலாகாது.

மருத்துவர் குறித்த நாளில் தலையைக் கழுவத் தொடங்கலாம். மென்மையான ஷாம்பூவை நீரில் கரைத்து, குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். குழாய் நீரோ ஷவர் நீரோ விசையுடன் தலையில் விழக்கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள வீடுகளில், காய்ச்சி ஆறவைத்த நல்ல நீரைப் பயன்படுத்துவது நலம். நகம் படாமல் விரல் நுனியால் ஒற்றி எடுத்தால், ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பக்குகள் தாமாகவே உதிரும்.

நல்லெண்ணெய்க் குளியலும் சீயக்காயும் நம் வீடுகளின் வழக்கம். வெங்காயச் சாறும், சோற்றுக்கற்றாழையும், மஞ்சளும் பெரியோர் அன்போடு எடுத்துத் தருபவை. ஆயினும் ஆறாத புண்ணில் அவை எரிச்சலையும் கிருமித் தொற்றையும் உண்டாக்கக்கூடும். எண்ணெய்க் குளியலை ஒரு மாதமேனும் தள்ளிவைத்து, மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

தலைக்கவசம் நட்ட முடியை உரசும். தலைக்கவசம் இன்றி வண்டி ஓட்டுவதோ உயிருக்கே ஆபத்து. ஆகவே முதல் பத்து நாட்கள் இருசக்கர வண்டியை விட்டுவிட்டுப் பேருந்திலோ ஆட்டோவிலோ செல்லுங்கள். மதுரையின் வெயிலிலும் புழுதியிலும் வயல்வேலை செய்வதைச் சில வாரங்கள் தவிருங்கள். சித்திரைத் திருவிழாவை ஒட்டிச் சிகிச்சை பெற்றவர்கள், அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் நெரிசலுக்கும் பீய்ச்சும் நீருக்கும் விலகி நிற்பது நன்று. சிகிச்சை நலமாக முடிந்தால் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. நேர்த்திக்கடனைக் கைவிட வேண்டியதில்லை. ஆறு மாதமேனும் கழித்து, மருத்துவர் தலையைப் பார்த்துச் சம்மதித்தபின் செலுத்தலாம்.

பலரையும் கலங்கச் செய்வது அடுத்த கட்டம். இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரத்துக்குள் நட்ட முடிகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். செலவிட்ட பணமெல்லாம் வீணாயிற்று என்று கண்ணீரோடு வருவோரை நாங்கள் கண்டிருக்கிறோம். வயலில் நட்ட நாற்று முதலில் வெளிறி, பிறகே பச்சை பிடிப்பதை நம் ஊரார் அறிவர். இதுவும் அத்தகையதே. உதிர்வது முடித்தண்டு மட்டுமே. வேர் தோலுக்குள் ஓய்ந்திருக்கும். மூன்று, நான்கு மாதங்களில் புதுமுடி மெல்லியதாக முளைக்கும். பின்னர் மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். முழுப் பயன் தெரிய ஓராண்டும், உச்சந்தலையில் அதனினும் கூடுதலாகவும் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் விளம்பரங்களை நம்பி மருந்து மாற்ற வேண்டாம்.

புகைபிடித்தல் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருத்தல் இன்றியமையாதது. இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதும் மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும்.

சிறிது அரிப்பும், மரத்த உணர்வும், இலேசான சிவப்பும் இயல்பானவை. ஆனால் காய்ச்சல், சீழ், துர்நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி, தோல் கறுத்துப்போதல், சுத்தமான துணியால் கால் மணி நேரம் அழுத்தியும் நிற்காத இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ நேர்ந்தால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இதனை அழகுக்கலை என்று எளிதாக எண்ணிவிடலாகாது. 2016ஆம் ஆண்டில் சென்னையில் இச்சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். உரிய பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர்களே இதனைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே ஐயம் எழுந்தால் அழகு நிலையத்தை அல்ல, மருத்துவரையே நாடுங்கள்.

குடும்பத்தினர் செய்யக்கூடிய பேருதவி இரண்டு. உறக்கத்தில் கை தலைக்குச் செல்லாமல் முதல் இரவுகளில் பார்த்துக்கொள்ளுங்கள். முடி உதிரும் வாரங்களில், "இன்னும் முளைக்கவில்லையே" என்று கேளாதிருங்கள்.