கேள்வியை ஒருமுறை கேளுங்கள்

ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாகப் பாலை ஊற்றி, நான்கு வயதுக் குழந்தையிடம் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே அளவுதான் என்று சொல்லும். அதன் கண்ணெதிரிலேயே ஒரு டம்ளர் பாலை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். “இதுலதான் நிறைய இருக்கு” என்று பெரும்பாலும் உயரமானதைக் காட்டும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) இதைத்தான் ஆராய்ந்தார். விடை தவறு என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. அந்தத் தவறு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தார். ஏறத்தாழ இரண்டு முதல் ஏழு வயது வரை, குழந்தையின் கவனம் கண்ணில் படும் ஒரு அம்சத்திலேயே நிலைக்கிறது என்றார். உயரத்தைப் பார்த்தால் அகலம் விட்டுப்போகும். ஊற்றிய பாலைத் திருப்பி ஊற்றினால் பழைய அளவே வரும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க அதற்கு இன்னும் வரவில்லை.

இதோடு கதை முடியவில்லை. 1970களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்காரிகல், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் சோதனையைச் சற்றே மாற்றினார்கள். பாலுக்குப் பதிலாகச் சம எண்ணிக்கையில் இரண்டு வரிசை வில்லைகள். வழக்கமான முறையில், பெரியவரே ஒரு வரிசையின் நீளத்தை மாற்றிவிட்டுக் கேள்வி கேட்பார். புதிய முறையில், பெட்டியிலிருந்து ஒரு குறும்புக்காரக் கரடிபொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிடும். நான்கு முதல் ஆறு வயது வரையிலான 80 குழந்தைகளில், பெரியவர் மாற்றியபோது எண்ணிக்கை மாறவில்லை என்று சொன்னவர்கள் 13 பேர். கரடி கலைத்தபோது 50 பேர்!

டொனால்ட்சனின் விளக்கம் பெற்றோர் எல்லோரும் அறியவேண்டியது. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், ‘நாம் வேறு பதில் சொல்லவேண்டும் போலிருக்கிறது’ என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. வில்லைகளோடு சேர்த்து நம் நோக்கத்தையும் அது படிக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் இருவரும் 1974இல், கேள்வியை ஒரே ஒருமுறை மட்டும் கேட்டபோது ஆறு வயதுக் குழந்தைகள் கூடுதலாகச் சரியாகச் சொன்னதைக் கண்டார்கள்.

கரடி செய்த அமளியில் குழந்தைகள் மாற்றத்தைக் கவனிக்காமலே இருந்திருக்கலாம் என்று பின்னர் சிலர் மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான். கரடி வந்தும் 30 பேர் தவறினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பியாஜே கண்ட தடுமாற்றம் உண்மையானது. ஆனால் குழந்தைக்கு என்ன தெரியும் என்பதை நாம் கேட்கும் விதமும் தீர்மானிக்கிறது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குழந்தை ஒரு விடை சொன்னதும் “நல்லாப் பாத்துச் சொல்லு” என்கிறோம். சரியான விடையைச் சொன்ன குழந்தைகூட உடனே மாற்றிக்கொள்கிறது. விருந்தினர் முன்னால் நிறுத்திவைத்துக் கேட்கும்போது இது இன்னும் மோசம். அதற்குப் பதிலாக, “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். குழந்தை தயங்கினாலும் இடையில் விடையை எடுத்துக்கொடுக்காதீர்கள். அது சொல்லும் காரணத்தில்தான் அதன் சிந்தனை தெரியும். விடை தவறாக இருந்தால் விளக்கவுரை வேண்டாம். பாலையோ தண்ணீரையோ அதன் கையிலேயே கொடுத்து, ஊற்றி ஊற்றிப் பார்க்க விடுங்கள். தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

எல்கேஜி வயதில் இந்தப் பால் கேள்விக்குத் தவறாகச் சொல்லும் குழந்தையை மந்தம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அந்த வயதில் அப்படிச் சொல்வதே இயல்பு.