உங்களுக்குத் தெரியுமா? பவளத்தொட்டிக்கு ஏற்ற ஸ்டாண்டு

● 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள மீன்தொட்டி விளிம்புவரை சுமார் 680 லிட்டர் பிடிக்கும். கடல்நீர் நன்னீரைவிடக் கனம் என்பதால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 700 கிலோ. கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்தால் 900 கிலோவைத் தாண்டிவிடும்.

● குடியிருப்புத் தளங்களுக்கு ஐ.எஸ். 875 தரவிதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இந்தத் தொட்டி நிற்கும் இடத்தில் அது 4 மடங்காகிறது. தரைத்தளம் உத்தமம். மாடி என்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

● கோவளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. வெல்டிங் மூட்டுகளில்தான் பெரும்பாலும் முதலில் துரு ஏறும். அவற்றைத் தேய்த்துச் சுத்தம்செய்து, பிரைமரும் எபாக்ஸி பெயின்ட்டும் அடிக்க வேண்டும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். அறுத்த ஓரங்களுக்கும் பூச்சு அவசியம்.

● ரசமட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் கண்ணாடி முறுக்கப்பட்டு, சிலிக்கான் ஒட்டு பிரியலாம். ஆப்பு வைப்பது ஸ்டாண்டின் காலுக்கடியில்தான், தொட்டிக்கடியில் அல்ல. தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே தெர்மாகோல் விரித்தால் சின்ன மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும்.

● கால்வாசித் தண்ணீர் நிரப்பியதும் மட்டத்தை மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் தண்ணீரை வெளியேற்றிவிட்டே திருத்த வேண்டும்.

● நம் கடலின் கல்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைக் கடலிலிருந்து எடுத்து வருவது குற்றம். தொட்டிக்குச் செயற்கைக் கல்லே போதும்.