வட்ட ரம்பத்தின் பிணியும் மருந்தும்

இராமாநுசர் தோன்றிய ஊர் என்னும் புகழுடையது ஸ்ரீபெரும்புதூர். இந்நாளில் அவ்வூரும் அதனை அடுத்த ஒரகடமும் தொழிற்சாலைகளாலும் பெயர்பெற்று விளங்குகின்றன. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பெற்றது. இத்தகைய ஆலைகளின் பொருள்கள் பழுதின்றிப் பயணம் செய்ய மரப்பெட்டிகளும், பாலெட் எனப்படும் மரத்தட்டுகளும் வேண்டும். அவற்றிற்குரிய பலகைகளை அறுத்துத் தருவது வட்ட ரம்பம்.

இரும்பு மேசையின் நடுவேயுள்ள பிளவின் வழியே பற்களையுடைய வட்டத் தகடு மேலெழுந்து நிற்கும். மோட்டாரின் ஆற்றல் அதனைச் சுழற்றும். தகட்டின் ஒருபுறத்தே நேர்ச்சட்டம் ஒன்று உண்டு. பலகையை அச்சட்டத்தோடு அணைத்து முன்னே தள்ளினால் அறுப்பு நேராக அமையும். 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகடு நிமிடத்திற்கு 4,000 முறை சுழலுமாயின், அதன் பல் நொடிக்கு ஏறத்தாழ 52 மீட்டர் விரைகின்றது. விரைவு வண்டியும் அதற்கு ஈடாகாது.

மருத்துவன் முதலில் நோயையும், பின்பு அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து தருதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. ரம்பத்திற்கும் அந்நெறியே பொருந்தும். ஆனால், அதனைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

அறுத்த பலகையின் விளிம்பு கருகியிருப்பது பலரும் காணும் குறி. இரு விளிம்பும் கருகினால், பற்கள் மழுங்கியிருத்தலோ அவற்றில் மரப்பிசின் படிந்திருத்தலோ பெரும்பாலும் காரணமாகும். பிசினைத் துடைத்து, பற்களைத் தீட்டினால் குறை நீங்கும். ஒரு விளிம்பு மட்டும் கருகினால், தகடும் சட்டமும் இணையாக இல்லை என்று ஐயுறல் வேண்டும். இதனை அறிவது எளிது. ஒரு பல்லின்மேல் அடையாளமிட்டு, அதனை மேசையின் முன்புறம் நிறுத்திச் சட்டத்திற்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பின்பு தகட்டைக் கையால் திருப்பி, அதே பல்லைப் பின்புறம் கொணர்ந்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்திருத்தல் வேண்டும். பின்னளவு குறைந்தால் சட்டத்தைத் திருத்துக.

கருகல் சிறு குறைதானே என்று எண்ணி, பலகையை வலிந்து தள்ளுவோர் உளர். கேடு அங்கேதான் விளைகின்றது. சுழலும் தகட்டின் முன்பற்கள் பலகையைக் கீழே அழுத்துவன, பின்பற்களோ மேலெழுவன. இடைவெளி பின்னே குறுகினால் பலகை நெருக்குண்டு பின்பற்களில் சிக்கும். அக்கணமே அது எழுந்து, தள்ளுபவரை நோக்கி அம்பெனப் பாயும். அவர் கையும் தகட்டின்மேல் இழுக்கப்படலாம். அறுத்த பிளவு மூடாதபடி காப்பதற்கே தகட்டின் பின்னே பிளவுக் கத்தி பொருத்தப்படுகின்றது. இடையூறு எனக் கருதி அதனைக் கழற்றுதல் பெரும்பிழை. இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது.

பிற குறிகளும் உள. அறுப்பு செங்குத்தாக அமையாவிடின், மூலைமட்டத்தைத் தகட்டின் பற்களில் படாமல் அதன் முகத்தில் வைத்துப் பார்த்துச் சாய்வைத் திருத்துக. தகடு அதிர்ந்தால், அதனைப் பிடித்திருக்கும் வளையங்களுக்கிடையே மரத்தூள் புகுந்திருக்கலாம். தகடு வளைந்தோ பேரிங் தேய்ந்தோ இருக்கலாம். மோட்டார் திணறினால், பெல்ட்டின் தளர்வையும் மரத்தின் ஈரத்தையும் நோக்குக. நீண்ட மெல்லிய மின்கம்பியும் மின்னழுத்தத்தைக் குறைத்து அத்திணறலை உண்டாக்கும்.

வேலை செய்யுங்கால் தகட்டுக்கு நேரே நில்லாது ஒருபுறம் ஒதுங்கி நிற்றலும், குறுகிய பலகையைத் தள்ளுகோலால் தள்ளுதலும், பற்களில் சிக்கக்கூடிய கையுறையைத் தவிர்த்தலும் இன்றியமையாதவை.

மாணவர்களே! இயந்திரத்திற்கு வாயில்லை, எனினும் கருகலாலும் அதிர்வாலும் திணறலாலும் அது தன் பிணியை உணர்த்துகின்றது. அதனை உணர்ந்து நிறுத்துபவனுக்குச் சில நிமிடங்களே இழப்பு. வலிமையால் வெல்ல முயல்பவனுக்கோ இழப்பது விரலாகவும் இருக்கலாம்.