தாமதமானாலும் தடுப்பூசி!

தட்டம்மை ஓர் ஊரில் பரவத் தொடங்கிய பிறகு குழந்தைகள் அனைவருக்கும் தடுப்பூசி போடுவதால் பயன் உண்டா? 'பெரிதாக இல்லை' என்பதே நெடுங்காலம் பொது சுகாதாரத் துறையினரின் விடையாக இருந்தது. மருந்தும் பணியாளர்களும் வந்து சேர்வதற்குள் தொற்ற வேண்டியவர்களுக்கெல்லாம் தொற்றிவிடும் என்பது அவர்களது வாதம். அந்த எண்ணத்தை மாற்றியதில் கணித மாதிரிகளுக்கு முக்கியப் பங்குண்டு.

பொருளாதாரம் கற்பித்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த மாதிரிகள் அந்நியமானவை அல்ல. தொற்றக்கூடியவர், தொற்றுடையவர், மீண்டவர் என மக்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு அவர்கள் எந்த வேகத்தில் நகர்கிறார்கள் எனக் கணக்கிடுவதே அவற்றின் அடிப்படை. கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகிய இருவரும் 1927-இல் வகுத்த முறை இது.

எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே தட்டம்மை நோயாளி ஒருவர் 12 முதல் 18 பேருக்கு நோயைப் பரப்பக்கூடும். 15 பேர் என்று கொள்வோம். அவர்களில் 14 பேருக்காவது எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் பரவல் அடங்கும். அதாவது, 93 சதவீதத்துக்கும் மேல். ஒன்பதாம் மாதத்தில் போடப்படும் முதல் தவணையோ ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளுக்கே பாதுகாப்பளிக்கிறது. ஆகவே, நூற்றுக்கு 80 குழந்தைகளுக்கு ஒரு தவணை போட்டுவிட்டோம் என்று நிறைவடையும் ஊரில், உண்மையில் காக்கப்பட்டவர்கள் 68 பேர் மட்டுமே.

நைஜர் நாட்டின் தலைநகர் நியாமேயில் 2003 இறுதியில் தட்டம்மை பரவியது. 10,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குப் பிறகே பெருந்திரள் தடுப்பூசி முகாம் நடந்தது. ரெபேக்கா கிரைஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் அந்நகரின் தரவுகளைக் கொண்டு மாதிரியை உருவாக்கி, 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய் நகரெங்கும் பரவப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எனவே, தாமதமான முகாமும்கூட ஓரளவு பாதிப்பைத் தவிர்த்தது. முன்கூட்டியே தொடங்கியிருந்தால் பலன் பன்மடங்காகியிருக்கும் என்று அவர்கள் கண்டனர். நோய் பரவும்போதும் தடுப்பூசி முகாம் நடத்துவதை 2009-இல் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் ஏற்றுக்கொண்டது.

இதில் ஒரு பொருளாதாரப் பாடமும் இருக்கிறது. அனைவருக்கும் போதுமான மருந்து வரட்டும் என்று காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் குழந்தைகளின் உயிராகக் கணக்கிட்டுக் காட்டுவதே மாதிரியின் பணி.

ஆனால், மாதிரிக்குத் தேவை நேர்மையான எண்ணிக்கை. அவப்பெயருக்கு அஞ்சி முதல் சில நோயாளிகளை மறைக்கும் நிர்வாகத்துக்கு எந்தக் கணிதமும் கைகொடுக்காது.