வெயிலும் பட்டறையும்: ஜெலாப்பாங் மேட்டில் கொதிக்கும் கார்கள்

கலந்துரையாடலில் எனக்குக் கிடைத்தது பத்தே நிமிடம். அதில் பாதி, "அப்பப்பா, என்ன வெயில்!" என்று மேடையில் இருந்தவர்களும் அரங்கில் இருந்தவர்களும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டதிலேயே கரைந்துவிட்டது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் ஊரில் கார் பட்டறைப் பேச்சு எதுவும் வெயிலில்தான் தொடங்குகிறது. அன்று பேசியதையும் நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் வெயில். நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. தமிழ்நாட்டில் அக்கினி நட்சத்திரம் என்று நாள் குறித்துவிடுகிறார்கள். நமக்கு அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வட மாநிலங்கள் காய்ந்து போகும். ஏப்ரலில் மாலை இடிமழை வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். எல் நினோ ஆண்டாக இருந்துவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2016-இல் பெர்லிஸ், கெடா பகுதிகளில் வெயில் காரணமாகப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், தொடர்ந்து மூன்று நாள்களுக்கு உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் அது முதல் நிலை. 37-க்கு மேல் 40 வரை இரண்டாம் நிலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை.

இந்த எண்கள் மனிதனுக்காகப் போடப்பட்டவை. காருக்கு 35 டிகிரி ஒன்றும் பெரிதல்ல. அதன் எஞ்சின் எப்போதுமே 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. அப்படியானால் வெயில் நாளில் மட்டும் ஏன் கார்கள் வரிசையாகச் சாலையோரம் நின்று புகை விடுகின்றன? இதற்கு விடை சொல்ல ஜெலாப்பாங்கை விடப் பொருத்தமான இடம் இல்லை.

ஈப்போவிலிருந்து வடக்கே போகும்போது ஜெலாப்பாங்கைத் தாண்டியதும் நெடுஞ்சாலை மலை ஏறத் தொடங்குகிறது. உச்சியில் மெனோரா சுரங்கப்பாதை; ஏறக்குறைய 800 மீட்டர் நீளம். ஈப்போவுக்கும் சங்காட் ஜெரிங்குக்கும் இடையிலான இந்தப் பகுதி 1987-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் சிம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார் என்று பழைய சாலையில் ஊர் ஊராகச் சுற்றித்தான் போக வேண்டும். மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது பினாங்குத் தைப்பூசத்துக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, பின்னால் பால்குடச் சாமான்களையும் அடுக்கி, ஏர்கோனை முழு அளவில் வைத்து நடுப்பகலில் இந்த மேட்டை ஏறுகிறோம். எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது. ஏர்கோனின் கண்டென்சர் தன் பங்குச் சூட்டை ரேடியேட்டரின் முகத்திலேயே ஊதுகிறது. உள்ளே வரும் காற்றோ தார்ச்சாலையின் மேல் காய்ந்த காற்று. ரேடியேட்டர் நல்ல நிலையில் இருந்தால் இதையெல்லாம் தாங்கும். பாதி அடைத்துப் போயிருந்தால், ஊருக்குள் பள்ளிக்கும் சந்தைக்கும் ஓடிய வரையில் அது வெளியே தெரிந்திருக்காது. மேட்டில்தான் தெரியும். வெயில் நோயைக் கொண்டு வருவதில்லை, இருந்த நோயைக் காட்டிக் கொடுக்கிறது.

சிலிபின் பக்கம் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் போனால் உடனே பானட்டைத் திறக்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்ன தங்கச்சி, வெயில் எப்படி?" என்பார். நானும் ஆரம்பத்தில் வெறும் ஊர்ப்பேச்சு என்றே நினைத்தேன். பிறகுதான் அதற்குள் ஒரு விசாரணையே நடப்பது புரிந்தது. ஜாமில் நின்றபோது முள் ஏறியதா, ஓடும்போது ஏறியதா? நின்றபோது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் பெரும்பாலும் விசிறியில் கோளாறு. ஓட்டத்திலும் மேட்டிலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர்க் குறைவு, வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். "பாதி வேலை உங்க வாயிலேயே முடிஞ்சிரும்" என்பார் அவர்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி அவர் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். அது வெறும் மூடி அல்ல. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலையும் கூடும். அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் உள்ளே கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விடுபட்டு, அத்தனையும் ஆவியாக முகத்தில் அடிக்கும். கார் கொதித்தால் ஏர்கோனை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். சூடான எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது; உலோகம் கோணிப் போகும். வெளிநாட்டுப் புத்தகங்களில் 'ஹீட்டரைப் போடு, சூடு இறங்கும்' என்று எழுதியிருப்பார்கள். யோசனை சரிதான். ஆனால் நம் ஊர்க் கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாதே!

குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. தோட்ட லாரி காலத்துப் பழக்கம் அது. குளிர் நாடு இல்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். கூலண்ட் உறையாமல் காப்பதற்கு மட்டும் அல்ல. கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. அலுமினிய ஹெட் உள்ள எஞ்சினுக்கு வெறும் தண்ணீர் மெதுவான விஷம்.

ஏறியாயிற்று, இனி இறக்கம். உயிருக்கு ஆபத்து உண்மையில் இதில்தான். கோலகங்சார் பக்கமிருந்து தெற்கே வரும்போது சுரங்கத்தைத் தாண்டியதும் ஜெலாப்பாங் வரை நீண்ட சரிவு. ஒரு காலத்தில் அந்தச் சரிவு முடியும் இடத்திலேயே ஜெலாப்பாங் டோல் சாவடி குறுக்கே நின்றது. பிரேக் பிடிக்காத லாரிகள் வரிசையில் நிற்கும் வாகனங்கள் மீது மோதிய செய்திகளைப் பேராக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2009-இல் அந்தச் சாவடி நேர்ப்பாதையிலிருந்து அகற்றப்பட்டது. சாவடி போய்விட்டது, சரிவு அங்கேயேதான் இருக்கிறது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இது 230, 155. சரிவு முழுக்கக் காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் சூடு ஏறிக்கொண்டே போகும். எண்ணெயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் மட்டும் நிற்காது. நம்முடையது ஈரமான நாடு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்த எண்ணெயை மாற்றச் சொல்வது பட்டறைக்காரர் காசு பார்ப்பதற்காக அல்ல. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடியுங்கள். ஆட்டோ கியர் கார்களிலும் அதற்கென்று 2, எல் போன்ற நிலைகள் இருக்கின்றன. பலர் அவற்றைத் தொட்டே பார்த்ததில்லை.

பழுதாகி நின்றுவிட்டால், காருக்குள் உட்கார வேண்டாம். தடுப்புக்கு அப்பால் நின்று பிளஸ் நெடுஞ்சாலையின் 1800-88-0000 எண்ணுக்கு அழையுங்கள். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லாரிகளிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். இதை என் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

என் அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இயந்திரம் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு எப்போதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம், இதே மேட்டில் அவருடைய கார் கொதித்து நின்றது. எங்கிருந்தோ ஓர் இழுவை லாரி வந்தது. அவர்களே சொன்ன ஒரு பட்டறைக்குப் போயிற்று. பட்டறைக்காரர் நன்றாகப் பேசினார். வெயிலைப் பற்றி, தோட்டத்தைப் பற்றி, யார் எந்த லயத்தில் இருந்தார்கள் என்பது வரை பேசினார்கள். அப்பா கடைசியாக, "பார்த்துச் செய்யுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தார். விலை பேசவில்லை. ஹெட்டைக் கழற்றி வேலை செய்ததாகச் சொல்லி 2,800 வெள்ளி வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் கார் மறுபடியும் கொதித்தது. சிலிபின் அண்ணன் திறந்து பார்த்தார். ஹெட் போல்ட்டுகளில் பழைய துரு கலையாமல் அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவே இல்லை. விசிறி மோட்டார்தான் செத்துக் கிடந்தது.

நான் புகார் செய்யலாம் என்றேன். அப்பா, "முகத்தைப் பார்த்துப் பழகிட்டோம், விடு" என்றார். அவர் விடாவிட்டாலும் எங்கள் கையில் ஆதாரம் குறைவு. ரசீது இல்லை, மதிப்பீடு இல்லை, கழற்றிய பழைய பாகமும் இல்லை. இருந்ததெல்லாம் அந்த இனிமையான பேச்சு மட்டும்தான். நம்மவர்கள் பலருக்கு 'எவ்வளவு ஆகும், எழுதிக் கொடுங்கள்' என்று கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். ஒழுங்கான பட்டறைக்காரர் அப்படி நினைப்பதில்லை என்பதை நான் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுத்தில் இருந்தால் பிறகு தகராறு இல்லை என்று அவர்களே விரும்புகிறார்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். முன்கூட்டி விலை பேசாமல் விட்டிருந்தாலும் நியாயமான விலைக்கு மேல் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்கள் அல்ல. பழுதுவேலை விவரங்களைப் பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பதற்கென்றே 2002-இல் தனி விதிமுறையும் வந்தது. தகராறு என்று வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் வேண்டாம். முதல் பாரத்தைப் பூர்த்தி செய்து 5 வெள்ளி கட்டணம் செலுத்தினால் போதும். தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு பிறகு 25,000 ஆகி, 2019 முதல் 50,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதது குற்றமாகும். ஆனால் நடுவர் கேட்கும் முதல் கேள்வி, ரசீது எங்கே என்பதாகத்தான் இருக்கும். ஆகவே வேலைக்கு முன் மதிப்பீடு, கூடுதல் வேலை வந்தால் தொலைபேசியில் ஒரு சொல், முடிந்ததும் ரசீது, மாற்றிய பழைய பாகம் நம் கையில். இவ்வளவையும் வெயில் பேச்சுக்கு நடுவிலேயே சிரித்துக்கொண்டு கேட்கலாம்.

அப்பாவிடம் இப்போது மாற்றம் தெரிகிறது. அண்மையில் ரேடியேட்டர் குழாய் மாற்ற அவரை சிலிபினுக்கு அழைத்துப் போனேன். கால் மணி நேரம் வெயிலைப் பேசிய பிறகு, கொஞ்சம் தயங்கி, "தம்பி, ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க" என்றார். அண்ணன் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் பழைய குழாயையும் கேட்டு வாங்கிக்கொண்டார். விரலால் அழுத்திப் பார்த்தார்; காய்ந்து கல்லாகி, ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது.

"நாங்க வெட்டுன பால்லேருந்து வந்ததுதானே இது?" என்று கேட்டார்.

"இல்லைண்ணே. இந்தச் சூட்டுக்கு மரத்துப் பால் தாங்காது. இது செயற்கை ரப்பர்."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கார் கதவைத் திறந்தவர் மறுபடியும் திரும்பி, "டயர்ல?" என்றார்.

"டயர்ல இருக்கு" என்றார் அண்ணன்.